ஜி.பி.எஸ். அலைகளைக் கொண்டு பனியின் ஆழத்தை அளக்கும் முறை

பனி பெய்வதற்கு முன்பே, மரமோ சுவரோ மறைக்காத சமதளத்தில், பனி மூடிவிடாத உயரத்தில் அலைவாங்கியைக் கம்பத்தில் பொருத்திவிட வேண்டும். செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து 5 முதல் 25 பாகைக்குள் இருக்கையில், நேராக வரும் அலையும் தரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் கலப்பதால் சமிக்ஞையின் வலிமை ஏறி இறங்கும். உயரக்கோணத்தின் (அடிவானத்திலிருந்து செயற்கைக்கோள் இருக்கும் கோணம்) சைன் மதிப்போடு அதை வரைபடமாக்கினால் அந்த அலைவைக் கண்ணாலேயே காணலாம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலைகளில் ஒன்றான எல்1 அலையின் நீளம் ஏறத்தாழ 19 செ.மீ.; அதில் பாதியை அலைவின் அதிர்வெண்ணால் (சைன் மதிப்பின் ஓர் அலகுக்கு எத்தனை அலைவுகள் என்ற எண்) பெருக்கினால், தெறிக்கும் பரப்புக்கு மேல் அலைவாங்கி இருக்கும் உயரம் கிடைக்கும். பனியற்ற நாளில் 2.5 மீட்டர், இன்று 1.7 மீட்டர் என்றால் பனியின் ஆழம் 80 செ.மீ. ஆகும். அந்தப் பனியற்ற நாளின் அளவீட்டை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். பனி மூடிய பின், அது உருகும்வரை அதைப் பெற வழியில்லை. உருகினால் எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதை அறிய அடர்த்தியும் தேவை. குழாயால் பனியை வெட்டியெடுத்து எடைபோட்டு அதைக் கணக்கிடலாம்.