சித்தப்பா சொன்னது அவர் நாட்டுக்குச் சரி: புதிதாக வருபவர்களுக்குச் சமூகநலத் திட்டங்கள் பற்றி

வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே ஆலோசனை குவிய ஆரம்பித்துவிடும். லண்டன் சித்தப்பா, டொராண்டோ மச்சான், ஒஸ்லோ அக்கா என்று எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்வது அவரவர் நாட்டுக்குத்தான் பொருந்தும். ஜெர்மனியில் நீங்கள் உரிமையோடு கேட்டு வாங்கும் குழந்தைப் பணத்தை, பிரிட்டனில் வேலை விசாவில் இருந்துகொண்டு கேட்டால் விசாவுக்கே சிக்கல் வரலாம். அதனால் எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே உதவி எதை வைத்துக் கிடைக்கிறது? சம்பளத்தில் கட்டிய சந்தாவை வைத்தா, அங்கே வசிப்பதை வைத்தா, வருமானக் கணக்கை வைத்தா, விசாவின் வகையை வைத்தா?

டென்மார்க்கைச் சேர்ந்த சமூகவியலாளர் கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-இல் நலன்புரி அரசுகளை மூன்று வகையாகப் பிரித்தார். சந்தா கட்டியவருக்குத் தரும் ஜெர்மனி வகை, வசிப்பவர் எல்லோருக்கும் தரும் நார்வே, ஸ்வீடன் வகை, வருமானம் குறைந்தவரைப் பார்த்துத் தரும் கனடா, அமெரிக்கா வகை. பிரிட்டன் இதில் எங்கும் சரியாக உட்காராது. இன்று எந்த நாடும் முழுக்க ஒரே வகையில் இல்லை. ஆனாலும் புதிதாக வருபவருக்குத் திசை தெரிய இந்தப் பிரிவு போதும்.

ஜெர்மனியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கேதான் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் அதிகம். 4,000 யூரோ சம்பளம், ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்வோம். 2025 விகிதப்படி ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், அதாவது 372 யூரோ. மருத்துவக் காப்பீட்டுக்கு 7.3 சதவீதம், 292 யூரோ. அதன்மேல் உங்கள் கிராங்கன்காசே, அதாவது மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வசூலிக்கும் கூடுதல் கட்டணத்தில் பாதி. வேலையிழப்புக் காப்பீட்டுக்கு 52 யூரோ, முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்கு 72 யூரோ. முதலாளியும் ஏறக்குறைய இதே அளவு தன் பங்காகக் கட்டுகிறார். வரி தனி. 1883-இல் அன்றைய ஜெர்மன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் காலத்தில் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டோடு தொடங்கிய ஏற்பாடு இது. "எல்லாம் பிடித்துக்கொள்கிறார்கள்" என்று ஊருக்குப் போன் செய்து புலம்புவதற்கு முன், அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆன பிறகு நோய்வாய்ப்பட்டால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம். 30 மாதத்தில் 12 மாதம் சந்தா கட்டியிருந்து வேலை போனால், கைக்கு வந்த சம்பளத்தில் 60 சதவீதம். குழந்தை இருந்தால் 67. அது நீங்கள் கட்டிய காப்பீடு. கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நாள் தவறக் கூடாது. வேலை முடியப்போகிறது என்று தெரிந்தால் மூன்று மாதம் முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். திடீரென்று தெரிந்தால் மூன்று நாளுக்குள். இருவரும் சம்மதித்து வேலையை முடித்துக்கொள்ளும் "பரஸ்பர ஒப்பந்தம்" என்று கம்பெனி ஒரு தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். தக்க காரணமில்லாமல் நீங்களாக வேலையை விட்டதாகக் கணக்கானால் பன்னிரண்டு வாரம் வரை பணம் நிற்கலாம்.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். நல்ல சம்பளத்தில் வரும் இளைஞர்களைத் தனியார் மருத்துவக் காப்பீட்டு முகவர்கள் தேடி வருவார்கள். தனியாளாக இருக்கும்போது அது மலிவாகவே தெரியும். பொதுக் காப்பீட்டில் வருமானமில்லாத மனைவியோ கணவரோ, குழந்தைகளோ கூடுதல் கட்டணமில்லாமல் சேர்ந்துகொள்ளலாம். தனியாரில் தலைக்குத் தலை கட்ட வேண்டும். திரும்பி வருவதும் எளிதல்ல. 55 வயதுக்குமேல் கதவு ஏறக்குறைய மூடிவிடும். குடும்பத்தை அழைத்துவரும் எண்ணம் இருந்தால் பொதுக் காப்பீட்டிலேயே இருங்கள் என்பேன்.

குழந்தைப் பணமான கிண்டர்கெல்ட் 2025-இல் குழந்தைக்கு மாதம் 255 யூரோ. தாமதமாக விண்ணப்பித்தால் பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை முதலாளியிடமும் கொடுத்துவிடுங்கள். குழந்தை இல்லாதவர் என்று கணக்கானால் பராமரிப்புக் காப்பீட்டில் கூடுதலாக 0.6 சதவீதம் பிடிப்பார்கள்.

சரி, பிரிட்டன். இங்கே விசாதான் எல்லாம். பெரும்பாலான வேலை, மாணவர், குடும்ப விசாக்களில் பொதுநிதி பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். குழந்தைப் பணமான சைல்ட் பெனிஃபிட், வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் போன்றவை அதில் அடங்கும். இந்த நிபந்தனையைப் படித்துவிட்டு, டாக்டரிடம் போகவே பயப்படும் குடும்பங்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்கள்கூடத் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1948-இல் தொடங்கிய அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். அந்தப் பொதுநிதிப் பட்டியலில் இல்லை. அரசுப் பள்ளியும் இல்லை. போதாக்குறைக்கு, விசா எடுக்கும்போதே நீங்கள் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர் என்றால் 776 பவுண்டு, சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். வந்த வாரமே பக்கத்தில் இருக்கும் ஜிபி, அதாவது குடும்ப டாக்டரின், கிளினிக்கில் பதியுங்கள். அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ இல்லை என்பதற்காக இங்கிலாந்தில் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் கட்டணம் உண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இல்லை.

பிரிட்டனில் நோய்க்காலச் சம்பளம்தான் பலவீனமான இடம். கம்பெனி தானாகக் கூடுதலாகத் தராவிட்டால், சட்டப்படி கிடைப்பது 2025–26-இல் வாரத்துக்கு 118.75 பவுண்டு. லண்டன் வாடகைக்கு அது எந்த மூலைக்கு? இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்த்து வைப்பது அங்கே அத்தியாவசியம்.

கனடாவில் வரிக் கணக்குதான் சாவி. வருமானமே இல்லை, நாம் எதற்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தை நலத்தொகை குடும்பத்தின் முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், கணவன் மனைவி இருவருமே ஏப்ரல் 30-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒருவர் விட்டாலும் பணம் நிற்கும். நிரந்தரமாக வசிக்கும் உரிமையோடு (பி.ஆர்.) வருபவர் வந்தவுடனே விண்ணப்பிக்கலாம். தற்காலிக அனுமதியில் வருபவர் 18 மாதம் அங்கே வசித்திருக்க வேண்டும். மருத்துவ அட்டை மாகாணத்தின் பொறுப்பு. டாக்டரும் மருத்துவமனையும் அதில் அடக்கம். மருந்தும் பல் வைத்தியமும் பெரும்பாலும் அடங்காது. வேலை தேடும்போது கம்பெனி தரும் காப்பீட்டையும் கேளுங்கள்.

நார்வேயில் வசிப்பதே அடிப்படை. ஓராண்டோ அதற்கு மேலோ சட்டப்படி தங்க வந்தவர் பொதுக் காப்பீட்டில் சேர்ந்துவிடுவார். நான்கு வாரம் வேலை செய்திருந்தால், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, நோய்க்காலத்தில் முழுச் சம்பளம் ஓராண்டு வரை கிடைக்கும். டாக்டரைப் பார்க்கச் சிறு கட்டணம் உண்டு. ஆண்டு உச்சவரம்பைத் தொட்டதும் அந்த ஆண்டு முழுக்க இலவசம்.

அப்புறம் ஓய்வூதியம். முப்பது வயதில் யாரும் இதை நினைப்பதில்லை. ஜெர்மனியில் குறைந்தது ஐந்து ஆண்டுச் சந்தா வேண்டும். பிரிட்டனில் பத்து ஆண்டு. கனடாவின் முதியோர் ஓய்வூதியத்துக்கு 18 வயதுக்குப் பிறகு பத்து ஆண்டு வசித்திருக்க வேண்டும். இந்தியாவோடு நார்வேக்கும் கனடாவுக்கும் 2015 முதலும், ஜெர்மனிக்கு 2017 முதலும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. குறைந்தபட்சத் தகுதியைக் கணக்கிடும்போது ஊரில் கட்டிய காலத்தையும் சேர்த்துக்கொள்ள இவை வழி செய்கின்றன. அதனால் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் கிளம்பும் அவசரத்தில் பி.எஃப். கணக்கை மூடிப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். முதலில் விசாரியுங்கள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணையும், ஒவ்வொரு நாட்டின் ஓய்வூதிய அறிக்கையையும் ஒரே கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.