முதல் லெவலில் சாகாமல் இருக்க: பத்தடிக் கம்பு, எண்ணெய்க் குப்பி, கொஞ்சம் கருவாடு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் மேஜை விளையாட்டு ஒன்று உண்டு. அதில் என் அக்கா மகன் போட்ட முதல் மந்திரவாதி முப்பத்தைந்து நிமிடம் உயிரோடு இருந்தான். பெயர் சுப்பு. ஹிட் பாயின்ட், அதாவது உயிர் அளவு, இரண்டு. இடுப்பில் ஒரு குறுங்கத்தி, மனதில் ஒரே ஒரு மந்திரம். கதவைத் திறந்தார்கள், உள்ளே மூன்று காப்ளின்கள், குட்டிப் பூதங்கள். "சித்தி, நான் கத்தியால குத்தறேன்" என்றான். தவறிவிட்டது. காப்ளின் திருப்பிக் குத்தியது, அது தவறவில்லை. பழக்கதோஷத்தில் டைஸைக் கையில் எடுத்துக்கொண்டு, "டெத் சேவ் எப்ப போடணும்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் போட வேண்டாம்டா. சுப்பு செத்தாச்சு."

பையனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவன் ஹாஸ்டலில் ஆடிப் பழகியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு. அதில் ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் மூன்று தடவை டைஸ் கைவிட்டால்தான் சாவு. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் டிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்துபவளாக, உட்கார்ந்து நடத்துவது 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் பதிப்பு. 64 பக்கப் புத்தகம். அதில் பூஜ்யம் என்றால் பிணம்தான். பழைய புத்தகம் கிடைக்காதவர்கள் 2019-இல் வந்த ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸை வைத்து ஆடலாம். விதிகள் ஏறத்தாழ அதேதான், தேடி எடுப்பது மட்டும் சுலபம்.

சுப்பு செத்தது பாதி என் தப்பு. கேரக்டர் போட்டுக் கொடுத்தேனே தவிர, இந்த ஆட்டம் எதற்குக் காசு கொடுக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. அதைச் சொல்லியிருந்தால் அவன் கத்தியை எடுத்திருக்க மாட்டான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு காப்ளினைக் கொன்றால் 5 எக்ஸ்பி, அதாவது லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளி. என் வீட்டுக்காரர் ஆடும் ட்வார்ஃபின், அதாவது குள்ளர் இனத்தானின், பெயர் கட்டையன். அவன் இரண்டாம் லெவலுக்குப் போக 2,200 எக்ஸ்பி வேண்டும். தனி ஆளாகக் கொன்றாலும் 440 காப்ளின். ஆனால் நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு எக்ஸ்பி உண்டு. காப்ளினைக் கொன்று எடுத்தீர்களா, அது தூங்கும்போது எடுத்தீர்களா, அதனிடம் பேசி வாங்கினீர்களா என்று யாரும் கேட்பதில்லை. ஆக நீங்கள் போர்வீரர் கூட்டம் இல்லை, திருட வந்த கூட்டம். வீட்டுக்காரன் விழித்துக்கொண்டால் திருடன் சண்டைக்கு நிற்பானா? அந்தப் புத்தி வந்துவிட்டால் பாதி உயிர் தப்பிவிடும்.

முதலில் கடைத்தெரு. ஆரம்பப் பணம் மூன்று டைஸ் உருட்டிப் பத்தால் பெருக்கியது, சராசரி 105 பொன். கவசம் போட முடிந்தவர்கள் வேறு எதையும் பார்க்காமல் பிளேட் மெயில் என்ற இரும்புத் தகட்டுக் கவசமும் கேடயமும் வாங்கிவிடுங்கள். 60, 10, மொத்தம் 70. தோல் கவசம் 20 பொன்தான், ஆனால் அதைப் போட்டவனைக் காப்ளின் 45 சதவீதம் தடவை அடித்துவிடும். பிளேட்டும் கேடயமும் இருந்தால் 20 சதவீதம். ஒரே குத்தில் போய்விடக்கூடிய உயிருக்கு இந்த வித்தியாசம் சாதாரணமில்லை. வாள் 10 பொன். மிச்சத்தில் தீப்பந்தம், 50 அடிக் கயிறு, ஒரு டஜன் இரும்பு முளை, எண்ணெய்க் குப்பி இரண்டு மூன்று, வழிச்சோறு. எங்கள் மேஜையில் வழிச்சோற்றுக்குக் கருவாடு என்று பெயர் வைத்துவிட்டோம். அதன் உபயோகம் பின்னால் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பொன் கொடுத்து ஒரு பத்தடிக் கம்பு.

கம்பைப் பார்த்துப் புதியவர்கள் சிரிப்பார்கள். எங்கள் மேஜையில் திருடி அல்லியாக ஆடும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சிரித்தாள். "அக்கா, நான்தான் திருடியாச்சே, பொறி கண்டுபிடிக்க எனக்கு ஸ்கில் இருக்கு." இருக்கிறது. முதல் லெவலில் பத்து சதவீதம். நூறு பொறியில் தொண்ணூறு அவள் கண்ணுக்குத் தப்பும். அந்தப் பத்தை நம்பி டைஸ் உருட்டுவதைவிட வாயைத் திறந்து கேட்பது மேல். அடுத்த சனிக்கிழமை அவள் கற்றுக்கொண்ட விதம் இது:

"நடைபாதை எப்படி இருக்கு?"

"பத்தடி அகலம். தரையில கல் பாவியிருக்கு."

"எல்லாக் கல்லும் ஒரே மாதிரியா?"

"நடுவுல நாலு கல்லுல தூசியே இல்ல."

"அப்ப கம்பால அதை அழுத்தறேன். நான் பின்னாடியே நிக்கறேன்."

தரை திறந்தது. கீழே பத்தடிக் குழி. டைஸ் யாரும் தொடவில்லை, யாரும் விழவில்லை. "தேடறேன்" என்று சொன்னால் உங்கள் தாளில் இருக்கும் எண்ணைத்தான் டிஎம் பார்ப்பார். "பெட்டியின் மூடியைக் கயிறு கட்டி மூலையில் நின்று இழுக்கிறேன்" என்று சொன்னால் எண்ணைப் பார்க்க வேண்டிய வேலையே அவருக்கு இல்லை. இந்த ஆட்டத்தில் டைஸ் உருட்டும் நிலைமை வந்துவிட்டது என்றாலே ஏற்கெனவே ஏதோ கோளாறு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

நேரம் இங்கே பணம் மாதிரி. பத்து நிமிடம் ஒரு டர்ன். ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். இரண்டு டர்னுக்கு ஒரு தடவை டிஎம் ஆறுமுக டைஸ் உருட்டுவார், ஒன்று விழுந்தால் சுற்றித் திரியும் ஜந்து ஏதாவது வந்து நிற்கும். இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தால் ஆறு உருட்டல். ஒன்றாவது வந்து சேர மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அப்படி வருவதன் மடியில் பெரும்பாலும் காசு இருக்காது, அதோடு சண்டை போட்டு ஒரு லாபமும் இல்லை. காலி அறையில் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு நின்றால் இதுதான் நடக்கும். கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள், நிலவறை எங்கேயும் ஓடிப்போகாது. ஒருவர் வரைபடம் போட வேண்டும். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, வாசல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.

ஜந்து எதிரே வந்துவிட்டதா? பேசுங்கள். எல்லாரும் மறந்துபோகும் விதி இது. எதிர்ப்பட்டவை என்ன நினைக்கின்றன என்று பார்க்க டிஎம் இரண்டு டைஸ் உருட்டலாம். இரண்டு விழுந்தால்தான் உடனே பாயும். அது 36-இல் ஒன்று. மூன்றிலிருந்து ஐந்து வரை பகை, பாய்ந்தாலும் பாயும். ஆறிலிருந்து எட்டு என்றால் அதற்கே என்ன செய்வதென்று தெரியாத நிலை. ஒன்பதுக்கு மேல் போனால் சண்டை இல்லை, பேரம் கூடப் பேசலாம். அந்தக் குழப்ப நிலைதான் உங்களுக்கு வாய்த்த கதவு.

ஐந்து காப்ளின்கள் ஒரு வளைவில் எதிர்ப்பட்ட அன்று ஏழு விழுந்தது. ட்வார்ஃப்களுக்குக் காப்ளின் மொழி தெரியும். புத்தகத்திலேயே இருக்கிறது, கேரக்டர் போடும்போதே மொழி வரியை நிரப்பி வையுங்கள். என் வீட்டுக்காரர் கோடாலியைத் தரையில் வைத்தார். "என்னப்பா, சாப்டாச்சா?" என்று கட்டையன் கேட்டான். நான் சிரித்துவிட்டேன், ஆனால் காப்ளின்கள் சாப்பிட்டிருக்கவில்லை. ஆறு நாள் கருவாடு கைமாறியது. பதிலுக்குப் பக்கத்துக் குகையில் இருக்கும் ஆர்க்குகள் என்ற முரட்டு ஜந்துக்கள் பெட்டியை எங்கே வைத்திருக்கின்றன என்ற தகவல் வந்தது. ஒன்றையொன்று பிடிக்காத கூட்டங்கள் அருகருகே இருக்கும் இடத்தில் உங்கள் வாளைவிட அவற்றின் பகை கூர்மையானது.

ஊரில் கேட்ட வதந்தியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பேசிக் பெட்டியோடு வந்த, இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் 'தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' சாகசத்தில், "ப்ரீ-யார்க்" என்றால் காப்ளின் மொழியில் "சரணடைகிறோம்" என்று ஒரு வதந்தி உண்டு. பொய். உண்மையில் அது உதவிக்கு ஆள் கூப்பிடும் கூச்சல். நாற்பது வருஷத்துக்கு மேல் பழைய ரகசியம், உடைத்துவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பேச்சு எடுபடவில்லை என்றால் ஓட்டம். ஓட முடியுமா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புக் கவசம் போட்டவர் சண்டை நேரத்தில் ஒரு ரவுண்டுக்கு 20 அடி, ஒன்றும் போடாதவர் 40 அடி. காப்ளினும் 20 அடிதான், ஆனால் ஆர்க் 40. பிளேட் வாங்கச் சொன்னவளும் நான்தான், அதற்கு இது விலை. அதனால் ஒருவர் விழும்வரை காத்திருக்காமல், வாசலில் நின்று உள்ளே எண்ணிப் பார்க்கும்போதே திரும்பிவிட வேண்டும். துரத்தினால் பின்னால் எதையாவது போடுங்கள். அறிவில்லாத மிருகத்துக்குக் கருவாடு, அறிவுள்ளதுக்குக் காசு. நின்று பொறுக்க 50 சதவீத வாய்ப்பு. எண்ணெயை ஊற்றிக் கொளுத்திவிட்டு ஓடுவதும் உண்டு. கதவுக்கு அடியில் இரும்பு முளை அடித்தால் இரண்டு நிமிடம் மூச்சு விடலாம்.

சண்டை தவிர்க்கவே முடியாதபோது சுப்பு போன்றவர்கள் கத்தியைத் தொடக் கூடாது. ஸ்லீப் மந்திரம் இரண்டு எட்டுமுக டைஸ் அளவு ஹிட் டைஸை (ஜந்துக்களின் பலத்தை அளக்கும் எண்) தூங்க வைக்கும், தப்பிக்க டைஸ் உருட்டும் சேவிங் த்ரோ கிடையாது. சராசரி ஒன்பது. அந்த மூன்று காப்ளின்களும் அன்றைக்கே தரையில் குறட்டை விட்டிருக்கும். அவன் அதை "பெரிய சண்டைக்கு" சேர்த்து வைத்திருந்தானாம். எலும்புக்கூடு போன்றவற்றிடம் ஸ்லீப் பலிக்காது, அவற்றுக்குப் பயமும் கிடையாது. மற்றவற்றுக்குப் பயம் உண்டு. முதல் ஆள் விழுந்ததும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும் டிஎம் மொரேல், அதாவது நின்று சண்டை போடும் துணிவு, பார்க்கலாம். தலைவன் பக்கத்தில் இல்லாத காப்ளினுக்கு மொரேல் 7. இரண்டு தடவையும் தாக்குப்பிடிக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். ஆகவே ஆளுக்கொரு காப்ளினை எடுத்துக்கொள்ளாமல், எல்லாரும் சேர்ந்து ஒன்றை முதலில் சாய்த்துவிடுங்கள்.

விஷம் பற்றி ஒரே வரி: பெரிய சிலந்தியைக் கண்டால் எண்ணெய், அல்லது கதவைச் சாத்திவிட்டு வேறு வழி.

இனி டிஎம்களுக்கு. முதல் லெவலில் ஹிட் பாயின்டுக்கு ஒன்றோ இரண்டோ விழுந்தால் மறுபடி உருட்ட விடலாம் என்று மோல்ட்வேயே எழுதியிருக்கிறார். நான் அதைப் படித்தும் மறந்திருந்தேன், இல்லாவிட்டால் சுப்புவுக்கு அந்த இரண்டு இருந்திருக்காது. திரைக்குப் பின்னால் டைஸை மாற்றிச் சொல்லிக் காப்பாற்றாதீர்கள். நான் ஆடிப் பழகிய இடத்தில் அப்படித்தான் நடந்தது, சாக மாட்டோம் என்று தெரிந்த பிறகு கம்பை யாரும் தூக்கவில்லை. டைஸைக் கண்முன் உருட்டுங்கள். பதிலாக, அவர்களுக்குத் தெரியக்கூடியதை எல்லாம் தாராளமாகச் சொல்லிவிடுங்கள்: தூசியில்லாத கல், கருகின சுவர், கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். ஆளுக்கு இரண்டு கேரக்டர் கொடுத்தாலும் நல்லது. ஊரில் கூலிக்கு ஆள் பிடிக்கவும் சொல்லிக் கொடுங்கள். பந்தம் பிடிக்க ஒரு கை மிச்சம், கேரக்டர் செத்தால் அந்தக் கூலியாளை எடுத்து அதே இடத்திலிருந்து ஆடலாம். பையன் ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இப்போது அவன் ஆடுவது இரண்டாவது சுப்பு, செத்தவனின் பெரியப்பா மகன். ஹிட் பாயின்ட் மூன்று, 1,740 எக்ஸ்பி. இரண்டாம் லெவலுக்கு இன்னும் 760 வேண்டும். ஆர்க்குகளின் பெட்டியில் அதற்கு மேல் இருக்கும் என்று காப்ளின்கள் சொல்லியிருக்கின்றன. வருகிற சனிக்கிழமைக்கு என்ன திட்டம் என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன் சித்தி, நீங்கதானே ஆர்க்" என்றான். போகும்போது கருவாடு எவ்வளவு வாங்கலாம் என்று மட்டும் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனான்.