வைட்டமின் டி குறைவும் கடுமையான வைரஸ் சுவாசத் தொற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு வைட்டமின் டி குறைவு என்று ரிப்போர்ட் வந்தால், "இதனால்தான் நோய் முற்றியது" என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரிய தவறு இதுதான். உடலில் அழற்சி மூளும்போது இந்த வைட்டமினைச் சுமந்து செல்லும் புரதம் ரத்தத்தில் குறையும். கூடவே வைட்டமினின் அளவும் இறங்கும். அதாவது, நோய் கடுமையானதாலேயே எண் தாழ்ந்திருக்கலாம். போதாக்குறைக்கு, முதுமையும் உடல் பருமனும் இரண்டையும் ஒருசேரப் பாதிக்கின்றன: வைட்டமின் குறையும், தொற்றும் கடுமையாகும். உடல் தேறிச் சில வாரங்கள் கழித்து எடுக்கும் பரிசோதனைதான் உண்மை நிலையைச் சொல்லும்.

அடுத்த தவறு, நோயில் படுத்த பிறகு வைட்டமின் டி-யைப் பெரிய டோஸாகக் கொடுத்து ஈடுகட்டப் பார்ப்பது. கோவிட் காலத்தில் பிரேசில் மருத்துவர்கள் சுமார் 240 உள்நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஒரே வேளையில் 2,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவு ஏறியது. மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறையவில்லை. தொற்று வராமல் தடுக்குமா என்று பார்த்தாலும், 2017-இல் 25 ஆய்வுகளைத் தொகுத்தபோது பலன் தெரிந்தது தினமும் அல்லது வாராவாரம் சிறு அளவில் எடுத்தவர்களிடம்தான். அதிலும் ரத்தத்தில் வைட்டமின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களிடமே அதிகம். பின்னர் வந்த ஆய்வுகளையும் சேர்த்தபோது அந்தப் பலனும் சுருங்கிவிட்டது. போதிய அளவு உள்ளவர் மேலும் விழுங்குவதால் கவசம் தடிமனாகாது.

பரிசோதனைச் சீட்டில் '25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி' என்று இருக்க வேண்டும். '1,25-டைஹைட்ராக்ஸி' என்பது வேறு; அது இந்த வைட்டமினின் செயல்படும் வடிவம். கடும் குறைபாட்டிலும் அது இயல்பாகவே காட்டக்கூடும். அலகையும் பாருங்கள்: ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பதும் ஒரு லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் ஒன்றே. 50-ஐ நானோகிராம் என்று படித்தால் கணக்கே மாறிவிடும்.

மிகவும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. வாரம் ஒன்று என்று எழுதித்தரும் 60,000 யூனிட் மருந்தை, தொற்று பயத்தில் தினமும் போட்டுக்கொள்வது. வாரத்துக்கு 4,20,000 யூனிட்! மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சார்காய்டோசிஸ் (நுரையீரல் போன்ற உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் உண்டாகும் நோய்), காசநோய், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் தென்பட்டால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போய் ரத்தத்தில் கால்சியத்தைப் பாருங்கள்.