ஸ்பானிஷ் எதிர்காலத்துக்குத் தனி அட்டவணை வேண்டாம்

ஸ்பானிஷ் படிப்பவர்கள் எதிர்கால விகுதிகளைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘அபேர்’ என்ற துணைவினையின் நிகழ்கால வடிவங்களான ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், அபேய்ஸ், ஆன் தெரிந்தால் போதும். வினையின் மூல வடிவத்தை அப்படியே வைத்து, பின்னால் இவற்றை ஒட்டிவிடுங்கள். கொமெர் என்றால் உண்ண. கொமெரே உண்பேன், கொமெராஸ் உண்பாய், கொமெரேமோஸ் உண்போம். அபேய்ஸ் மட்டும் முன்பாதியை இழந்து ‘ஏய்ஸ்’ ஆகும்.

காரணம் ஸ்பானிஷின் தாயான லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘அமாபிட்’ என்றால் நேசிப்பான், ‘அமாவிட்’ என்றால் நேசித்தான். பேச்சில் உயிர்களுக்கு நடுவே வந்த ‘ப’ மெல்ல ‘வ’ போல ஒலிக்கவே, இரண்டும் குழம்பின. மக்கள் ‘அமாரே ஹாபேயோ’, அதாவது ‘நேசிக்க உடையேன்’ என்று சுற்றி வளைத்துப் பேசினார்கள். இந்த ‘ஹாபேயோ’தான் ஸ்பானிஷில் அபேரின் ‘ஏ’ ஆனது; அந்த இரண்டு சொல்லும் ஒட்டியதுதான் இன்றைய எதிர்காலம். (நாமும் ‘வர இருக்கிறேன்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை.) பிரெஞ்சு, இத்தாலியன் எதிர்காலமும் இப்படிப் பிறந்ததே.

ஸ்பானிஷில் பத்துப் பன்னிரண்டு வினைகளுக்கு அடிச்சொல் மாறும்: தெனேர் ‘தெண்ட்ரே’ ஆகும், அசேர் ‘அரே’ ஆகும். அவற்றைத் தனியாகத்தான் படிக்கவேண்டும், ஆனால் விகுதி அதேதான். லத்தீனிலிருந்தே வந்த ருமேனியனில் இது சுத்தமாக உதவாது. அங்கே எதிர்காலம் ‘விரும்பு’ என்ற வினையிலிருந்து வந்தது, வினைக்கு முன்னால் தனிச் சொல்லாக நிற்கும்.