சேலத்தில் சத்தமில்லாத ஏரியாவில் வீடு பார்க்கப் போகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்

நாங்கள் முதலில் பிடித்த வீடு அம்மாபேட்டைக்கு அந்தப் பக்கம். ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தோம். தெருவில் கோழி மண்ணைக் கிளறுகிற சத்தம்கூடக் காதில் விழுந்தது, மனைவிக்கும் பிடித்துவிட்டது, அங்கேயே நின்று முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை சாமான் இறக்கினோம், அசதியில் ஒன்றும் உறைக்கவில்லை. செவ்வாய் விடிகாலை பின்பக்கச் சுவர் அதிர ஆரம்பித்தது, அலமாரியில் அடுக்கியிருந்த டம்ளர் ஒன்றோடு ஒன்று இடித்துக் கிணுகிணு என்றது. விசைத்தறி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முழுக் கொட்டகை, ஞாயிறு மட்டும் லீவு.

தறிக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவர் பிழைப்பு அது. வேலை நாளில் ஒரு நடை வந்து பார்க்காதது என் தப்பு. எட்டு மாதம் தாக்குப் பிடித்துவிட்டு அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு சின்ன நகருக்கு வந்து சேர்ந்தோம், இப்போது இங்கேதான். டவுனுக்குத் தினம் வேலைக்குப் போய்வந்துகொண்டே ஓரத்தில் குறைந்த வாடகைக்கு இருக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை, பிடித்த வீட்டை மூன்று நேரம் பாருங்கள். வேலை நாளில் காலை ஆறரை மணிக்கு ஒரு தரம், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தரம், முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு தரம். சேலம் தொழில் எல்லாம் வீட்டோடு வீடாக நடக்கிற ஊர். அம்மாபேட்டை, பொன்னம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் என்றால் தறி. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் என்றால் கொலுசு செய்கிற வெள்ளிப் பட்டறை. எங்கள் கிழக்குப் பக்கம் சத்தம் குறைவுதான், ஆனால் வாழப்பாடி, ஆத்தூர் வரைக்கும் ஆங்காங்கே ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை இருக்கிறது, மரவள்ளிக் கிழங்கு வெட்டி லாரி லாரியாக வந்து இறங்குகிற காலத்தில் காற்று திரும்பினால் புளித்த மாவு வாடை அடிக்கும். வீடு பார்க்கிற அன்றைக்கு ஆலை ஓடாமல் இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெருமுனை டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு "இங்க நாத்தம் கீத்தம் வருங்களாண்ணா?" என்று கேளுங்கள், புரோக்கர் சொல்லாததை எல்லாம் அவர் சொல்வார்.

அப்புறம் பஸ். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டவுனுக்குள் 12 ஆயிரம் கேட்ட அளவு வீடு எனக்கு இங்கே 7 ஆயிரத்துக்குக் கிடைத்தது. மாதம் 5 ஆயிரம் மிச்சம் என்று துள்ளினேன். அது மிச்சம் இல்லை, தூரத்துக்கான தள்ளுபடி. வீட்டு ஓனர்கள் எல்லோரும் "பஸ் வசதிக்குக் குறையே இல்லைங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு" என்பார்கள். அஞ்சு நிமிஷத்துக்கு ஒன்று போவது உண்மைதான், நிற்கிறதா என்று பாருங்கள். புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆத்தூர், கள்ளக்குறிச்சி என்று போகிற வெளியூர் வண்டிகளில் பாதி நம் ஸ்டாப்பைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போய்விடும். நமக்கு ஆகிறது பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிற டவுன் பஸ். ஸ்டாப்பில் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை சும்மா நின்று, நிற்கிற வண்டியை மட்டும் எண்ணுங்கள். நான் எண்ணாமல் வந்தவன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

இதைவிட முக்கியம் ராத்திரி கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பது. அதை டிரைவரிடமோ கண்டக்டரிடமோ நேரில் கேளுங்கள், பழைய போர்டை நம்ப வேண்டாம். கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோ, மாதத்தில் நாலு நாள் ஆட்டோ பிடித்தால் வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அதிலேயே கரைந்துவிடும். பஸ் இறங்கி வீடு வரை நடக்கிற தூரத்தையும் இருட்டில் ஒரு தரம் நடந்து பாருங்கள். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, நாய் எத்தனை என்று அப்போதுதான் தெரியும்.

வீட்டில் வேலைக்குப் போகிற பெண்கள் இருந்தால் கணக்கு மாறும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வெளியூர் பஸ்ஸில் அது கிடையாது. என் மனைவி தினம் டவுன் பஸ்ஸில் செலவில்லாமல் போய்வருகிறார், நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறேன். ஆக டவுன் பஸ் வருகிற கடைசி ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் தள்ளி வீடு பிடித்துவிட்டு இந்தச் சலுகையைக் கோட்டை விடாதீர்கள்.

ரயிலில் ஈரோட்டுக்கு வேலைக்குப் போகிறவர் என்றால் கிழக்குப் பக்கமே வேண்டாம். ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில், ஊருக்கு மேற்கே. காலையில் ஊர் முழுவதையும் கடந்து போய் ரயில் பிடிக்க வேண்டும். சேலம் டவுன் ஸ்டேஷன் வேறு, அது விருத்தாசலம் லைன். சீசன் டிக்கெட்காரர்களுக்குச் சூரமங்கலம், ஜாகீர் அம்மாபாளையம் பக்கம்தான் நிம்மதி.

மலை தெரிய வேண்டும், குளுகுளு என்று இருக்க வேண்டும் என்று கன்னங்குறிச்சி, கோரிமேடு கேட்பவர்களும் உண்டு. மூக்கனேரிப் பக்கம் காலையில் நடந்தால் பறவைச் சத்தத்துக்கே வாடகை கொடுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மலையடிவாரம் என்று சொல்லியே வாடகையை ஏற்றிவிட்டார்கள். கோரிமேடு ரோட்டில் சனி ஞாயிறும் கோடை விழா சமயத்திலும் ஏற்காடு போகிற கார் வரிசை வேறு.

தண்ணீரைப் பற்றி ஓனரிடம் கேட்டால் "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல தம்பி" என்பார். அது போர்வெல் தண்ணீரைச் சொல்வது. நீங்கள் கேட்க வேண்டியது "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க அக்கா?" என்று, அதுவும் பக்கத்து வீட்டில். நல்ல தண்ணி என்றால் மேட்டூர்க் காவிரித் தண்ணீர். வாரம் ஒரு முறை என்றால்கூட ஒன்றும் கெட்டுப்போகாது, நாள் தெரிந்தால் பிடித்து வைத்துக்கொள்ளலாம், தொட்டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போர் தண்ணீர் எப்படி என்று அறிய வாயில் ஊற்றிப் பார்க்க வேண்டியதில்லை. பாத்ரூம் குழாயின் வாயைக் குனிந்து பாருங்கள், பழைய பக்கெட் கிடந்தால் உள்பக்கம் விரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் பிடித்திருந்தால் உங்கள் வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் அதே கதிதான்.

கரண்ட் தனி சர்வீஸா, ஓனர் லைனில் சப் மீட்டரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே சர்வீஸில் இரண்டு குடும்பம் ஓட்டினால் அந்த நூறும் ஒன்றுதான், யூனிட் கூடக்கூடக் கட்டணமும் மேல் படிக்கு ஏறிவிடும். முன்பணம் பத்து மாதம் கேட்டால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017ஆம் வருட வாடகைச் சட்டத்தில் இருப்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். எனக்கு அஞ்சு மாதத்துக்கு இறங்கி வந்தார்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியும் வரும். கோபம்தான் வரும், அந்தக் கேள்வியிலேயே திரும்பி வந்த வீடுகள் எனக்கு இரண்டு.

சரி, இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? எட்டரைக்கெல்லாம் தெரு அடங்கிவிடும். ஒன்பது மணிக்கு மாவு தீர்ந்துவிட்டது என்றால் தீர்ந்ததுதான், கடை கிடையாது. தட்டுவடை செட் சாப்பிடத் தோன்றினால் டவுனிலேயே முடித்துவிட்டு வந்துவிடுவேன். காலை ஐந்து மணிக்கு அலாரம் வேண்டாம், கரட்டு மேலிருந்து மயில் கத்தும். சுற்றிலும் காலி மனை, முள்ளுக்காடு என்பதால் பாம்பு உண்டு, ராத்திரி டார்ச் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டோம், செருப்பை உதறிவிட்டுத்தான் போடுவோம். ஆடி மாதத்தில் அமைதியை மறந்துவிட வேண்டும், சேலத்தில் மாரியம்மன் பண்டிகைக்கு மூலைக்கு மூலை ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். நாங்கள் அந்த வாரம் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு நாமும் ஒரு ஆளாகக் கோயிலிலேயே நின்றுவிடுவது.

நாய்களுக்கு மட்டும் ஒரு வழி வைத்திருக்கிறேன். குடிவந்த முதல் வாரம் பஸ் இறங்குகிற இடத்திலேயே பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு, வழியில் இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டே நடங்கள். எட்டாவது நாள் குரைக்காது. இப்போது எங்கள் தெருக் கறுப்பன் கடைசி பஸ் வருகிற நேரத்துக்கு முனையில் வந்து உட்கார்ந்திருக்கிறான், பிஸ்கட் இல்லாமல் இறங்கினால்தான் முறைக்கிறான்.