கதவு உரசுகிறதா? இழைப்புளியைக் கடைசியாக எடுங்கள்

தர்மபுரிப் பக்கம் ஆவணி, புரட்டாசியில் நாலு மழை விழுந்தால் போதும், வீட்டுக்கு ஒரு கதவாவது முரண்டு பிடிக்கும். எங்கள் வேப்பங்கதவை நான் ஐப்பசி ஈரத்தில் இழைத்துத் தள்ளினேன். பங்குனி வெயிலில் மரம் காய்ந்ததும் சுண்டுவிரல் நுழையும் சந்து விழுந்தது. இரண்டு தேள் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தன.

அதனால் முதலில் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கம் பிடித்து மேலே தூக்குங்கள். ஆடினால் குறை மரத்தில் இல்லை. மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்கியிருக்கிறது. அடியில் ஆப்பு கொடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டையில் மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து அடையுங்கள். ஒரு ராத்திரி காய்ந்தபின் முடுக்குங்கள். பல கதவுகளுக்கு இதுவே போதும். (பழைய வீட்டுக் குடுமிக் கதவுக்குக் கீலே கிடையாது, மேலும் கீழும் இருக்கும் முளையில் சுழலும். அதை ஆசாரியிடம் விட்டுவிடுங்கள்.)

கீல் கெட்டியாக இருந்தும் உரசினால், நிலையின் உட்பக்கம் கலர் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, கதவைச் சாத்தித் திறந்து பாருங்கள். கதவில் கலர் ஒட்டிய இடம்தான் உரசும் இடம். பெரும்பாலும் அது பூட்டுப் பக்கமாக இருக்கும். ஈரம் குடித்த மரம் அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் மாற்றம் தெரியாது. மழை ஓயும்வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள், தானாகவே இளகலாம்.

முடியாதா? காய்ந்த காலத்தில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே இரண்டு ஒரு ரூபாய் நாணயம் சேர்ந்து நுழைய வேண்டும், சுமார் 3 மி.மீ. மழையில் இழைப்பதானால் ஒரு நாணயம் நுழைந்தால் போதும். கதவின் இரு முகத்திலும் பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளஷ் டோர் (இரு முகமும் பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு) என்றால் ஓரக்கட்டை மெலிதாக இருக்கும், 2 மி.மீ. தாண்டாதீர்கள்.

இழைப்பதற்காகக் கதவைக் கழற்றும்போது கீழ்க் கீல் முதலில், மேல் கீல் கடைசியில். கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும், கனமான கதவு காலில் விழுந்தால் விரல் மிஞ்சாது.

ஓரத்தில் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, மர ரேகை போகிற திசையில் இழைப்புளியை ஓட்டுங்கள். சீவல் காகிதம்போலச் சுருண்டு வந்தால் சரியான போக்கு. பொத்துப் பொத்தாகப் பெயர்ந்தால் எதிர் ரேகையில் போகிறீர்கள், திசையை மாற்றுங்கள். மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் ஒரே மூச்சில் கோடிவரை இழைக்கவே கூடாது. மூலையில் சிம்பு சிம்பாகப் பிளந்துவிடும். இரு மூலையிலிருந்தும் நடுவைப் பார்த்து இழைக்க வேண்டும். பூட்டுப் பக்கத்தில், சாத்தும்போது நிலைக்குள் முதலில் நுழையும் முனையை மட்டும் ஒரு மயிரிழை கூடுதலாகச் சாய்த்து எடுங்கள். நாலு தள்ளு இழைப்பு, ஒருமுறை மாட்டிப் பார்ப்பது. அவசரப்பட்டு எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

சரியாகச் சாத்தியதும் உப்புத்தாள் தேய்த்து, அன்றைக்கே பிரைமரோ வார்னிஷோ அடித்துவிடுங்கள். வெறும் மரம் அடுத்த மழையிலேயே மறுபடி உப்பும். அடி விளிம்பை மறக்காதீர்கள். எந்தப் பெயின்டரும் குனிந்து பார்க்காத இடம் அது. கதவு கழன்று கிடக்கும் இந்த ஒரு நாளில்தான் அங்கே பிரஷ் எட்டும்.