தோள் தசைநாண் அறுவைசிகிச்சையா? இப்போதே புரதத்தைக் கவனியுங்கள்
வயதானவருக்குத் தோள்பட்டைத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிசலைத் தைக்கத் தேதி குறித்துவிட்டால், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் வைட்டமின் டி அளவையும் பார்க்க முடியுமா என்று அன்றே டாக்டரிடம் கேளுங்கள். காத்திருக்கும் வாரங்களில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் சேரட்டும், அதுவும் மூன்று வேளைக்கும் பிரித்து.

தசைநாண் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம்தான். தைத்த இடம் எலும்போடு ஒட்டிப் பிடிக்க உடலுக்கு அந்த மூலப்பொருள் வேண்டும். வயதாக ஆகப் பசி குறையும், சாப்பிட்ட புரதத்தைத் தசை எடுத்துக்கொள்வதும் மந்தமாகும். ஆள் பருமனாகத்தானே இருக்கிறார் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், பருமனான உடம்பிலும் சத்துக்குறைவு இருக்கலாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் சொல்லும் அளவுதான்.